பூட்டுக்கடைப் பக்கத்தில் போன் நம்பர்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

நான் நலம். உன் அம்மாவும் நலம்தான் என்று பாத்திரம் வைக்கிற சத்தத்தை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அவள் என்னோடு பேசுவதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு, இரவில் கண்விழித்து வேலை பார்க்காதே.

நம் பூட்டு ரிப்பேர் கடைக்கு நீ செய்துகொடுத்த இணையப் பக்கத்தை நான் மாற்றியதில் உனக்குக் கோபம். நீ செய்தது என்ன, மேலே பெரிதாக ஒரு போன் நம்பர், கீழே விலாசம், அவ்வளவுதான். மொட்டைச் சுவர் மாதிரி இருந்தது. கடைக்கு வருகிறவரை நான் உட்காரச் சொல்லி, நலம் விசாரித்து, பிறகுதான் பூட்டைக் கையில் வாங்குவேன். பக்கமும் அப்படித்தானே இருக்க வேண்டும்? நானே கற்றுக்கொண்டு, நலமா, சாப்பிட்டாச்சா, மரக்கதவா இரும்புக்கதவா என்று வரிசையாகக் கேட்டு, பதில் சொல்லி முடித்தவருக்கு மட்டும் நம்பர் தெரியும்படி செய்தேன். அதன்பிறகு போனே வரவில்லை. ஊரில் பூட்டெல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று நினைத்தேன்.

போன வாரம் உன் அம்மா குப்பை கொட்ட வெளியே வந்தபோது காற்றில் கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது. சாவியும் போனும் உள்ளே, வெளியே மழை. என் நம்பர் அவளுக்கு மனப்பாடமில்லை, மாடிவீட்டு நர்ஸம்மாவின் போனில் நம் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, நானும் ஒரு மடையனும் என்று எழுதினாளாம். அங்கே எண் மட்டும்தான் எழுதலாம், அதனால் பக்கம் அவளை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிவிட்டது. பக்கத்தின்மேல் தப்பே இல்லை.

உடனே எதிர்த்தெருவில் பூட்டுக்கடை வைத்திருக்கிற மீசைக்காரனைக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் பக்கத்தில் நம்பரைத் தவிர ஒன்றுமே கிடையாது, நாகரிகம் தெரியாதவன். வந்து கதவைத் திறந்துவிட்டு, அண்ணன் வீட்டில் கூலி வாங்குவேனா அக்கா என்று சொல்லிவிட்டுப் போனானாம். இதைவிட ஒருவன் என்னை அவமானப்படுத்த முடியுமா? சாயங்காலம் நான் நுழைந்ததும் உன் அம்மா, "பூட்டுக்காரன் பொண்டாட்டி நனைஞ்சுகிட்டு நிக்கிறேன், உங்க பக்கம் என்கிட்ட சாப்பிட்டாச்சான்னு கேக்குது" என்றாள். அவன் படம் போட்ட கார்டை பிரிட்ஜில் ஒட்டிவிட்டு, நம் நம்பர் மேலே ஏறினால்தான் இது கீழே இறங்கும் என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த மீசை என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

அதனால் நம்பரை மேலே பெரிதாகப் போட்டுவிடு. நீ சொன்னதற்காக அல்ல, இது நானே யோசித்து எடுத்த முடிவு. கேள்விகள் கீழே இருக்கட்டும், நேரம் இருக்கிறவர்கள் பதில் சொல்வார்கள்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இதை நானே செய்திருப்பேன், பக்கத்துக்குள் போகிற பாஸ்வேர்டு மறந்துபோய் வெளியே நிற்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதே, மீசைக்காரனைக் கூப்பிட்டுவிடுவாள்.

இப்படிக்கு,
இன்னும் தன் பக்கம்தான் சரி என்று சொல்லும்
உன் அப்பா