தலைக்கவசத்து வானவில்

ஜனவரி, வியாழன் இரவு

நாளைக் காலை போட்டிக்குப் பயணம். பனிச்சறுக்கில் வேகமெடுத்து வந்து அந்தரத்தில் குட்டிக்கரணம் அடிப்பதுதான் என் விளையாட்டு. நான் தன்பாலீர்ப்பாளன் என்று தொலைக்காட்சியில் சொன்ன பிறகு இதுதான் முதற்போட்டி.

பின்னேரம் அப்பா என் சறுக்குப் பையின் கைப்பிடியில் அம்மாவின் பழைய சேலைத் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறவர். "அடையாளம் இல்லாத பைதான் துலையும்" என்று ஒவ்வொரு பயணத்துக்கும் சொல்வார். இன்றும் சொன்னார். பிறகு என் தலைக்கவசத்தில் காதலன் எமில் ஒட்டிய வானவில் ஸ்டிக்கரைப் பார்த்தார்.

"உந்த ஸ்டிக்கரை மட்டும் உரிச்சுப்போடு ராசா. கோயிலிலை சனம் கதைக்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த எமிலுக்குப் புட்டு அள்ளி வைத்ததும் இதே அப்பாதானே!

"அடையாளம் இல்லாட்டித் துலைஞ்சுபோம் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள் அப்பா? நான் உரிக்கமாட்டன்."

அவர் கவசத்தைக் குளியல் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்தார். மறைக்கவா, கீறல் விழாமல் இருக்கவா, தெரியவில்லை. எதற்கென்றாலும், மலையுச்சியில் அந்தத் துவாயை அவிழ்க்கப்போவது நான்தான்.