பதினோரு பேருக்கான மூக்குச் சொட்டு

நாள் 1 — 07:10
நிலவுத் தளம், ஆய்வுக்கூடம். எழுதுவது சந்தனமாரி. காற்றழுத்தம் சரி. வெப்பம் 22 பாகை. போன வாரச் சரக்குக் கப்பலோடு புதுவகை ஃப்ளூவும் வந்து இறங்கியிருக்கிறது. குடியிருப்பில் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். மற்ற ஒன்பது பேரும் அவரவர் அறையில். நான் மட்டும் இந்தப் பக்கம், கதவைப் பூட்டிக்கொண்டு. தடுப்பு மருந்துக்கான புரதம் மூன்று பேருக்குத்தான் இருக்கிறது.

நாள் 2 — 09:40
புரதம் குறைவாக இருந்தாலும் உடம்பை உசுப்பிவிட ஒரு துணைப்பொருள் சேர்த்தால் போதும். என் தலைக்குத் தேய்க்கக் கொண்டுவந்த சீயக்காயில் அது இருக்கிறது. நுரை பொங்குகிறதே, அந்தச் சபோனின்தான்.

நாள் 4 — 16:25
முதல் சாறு என் ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துவிட்டது. இருபது மடங்கு நீர்க்கச் செய்ததும் உடையவில்லை. ஒரு ஆளுக்குரிய புரதத்தில் கால் பங்கோடு கலந்து என் மூக்கில் விட்டுக்கொண்டேன். என்ன எரிச்சல்! பக்கத்தில் யாராவது இருந்து கேலி செய்திருக்கலாம்.

நாள் 6 — 11:05
தளத் தலைவர் ஞானதீபம் அண்ணாச்சி, வானொலியில்: "ஏ மாரி, சோதனையெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம். இருக்கத அனுப்பு தாயி. இன்னும் மூணு பேருக்குக் காய்ச்சல்."
நான்: "மூக்குக்கு மேலதான் மூளை, அண்ணாச்சி. மருந்து அங்க ஏறாதுன்னு தெரியாம உங்க யாருக்கும் விட மாட்டேன். பத்து நாள் பொறுங்க."
"சரி, பொறுக்கோம். நீ சாப்பிட்டியா?"
சாப்பிட்டதாகப் பொய் சொன்னேன்.

நாள் 12 — 11:00
இன்றைய வானொலி அழைப்பில் பதினோரு பேரில் நான்கு குரல்கள்தான். அண்ணாச்சி பேசவில்லை. பயமாக இருக்கிறது. இன்னும் நான்கு நாள்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

நாள் 16 — 08:30
மூக்கைக் கழுவிய நீரில் எதிர்ப்புப் புரதம் ஏராளம். எரிச்சல் போய்விட்டது, வாசனையும் தெரிகிறது. பலித்துவிட்டது! பதினோரு குப்பிகளையும், குடியிருப்புப் பக்கமிருந்து திறந்து எடுக்கும் கைமாற்றுப் பெட்டியில் வைத்தேன்.
08:50 — அழைத்தேன்.
09:20 — அழைத்தேன்.
21:00 — குப்பிகளை யாரும் எடுக்கவில்லை.

நாள் 17 — 07:10
இதைக் கண்டெடுப்பவருக்கு: அளவுகள் நாள் 4-இல் உள்ளன. மருந்து வேலை செய்கிறது. சோதிக்கப்பட்டவர் ஒருவர். அண்ணாச்சி கேட்ட அன்று அனுப்பியிருந்தாலும் இதே மருந்துதான். ஒரு சொட்டுகூட நான் மாற்றவில்லை.
கதவைத் திறந்து குடியிருப்புக்குள் போகிறேன். யாராவது இருமினால் போதும். எனக்கு இனி ஒன்றும் ஆகாது. அதைத்தான் என்னால் தாங்க—