சாக்பீஸ் வருஷம்

மார்ச் 9, ஞாயிறு

பொதுத் தோட்டத்தில் பதினேழாம் எண் துண்டு நிலம். மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்தது. அகலம் பத்தடி, நீளம் இருபதடி, மூலையில் ஓட்டைத் தொட்டி, நடுவில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. தையல் கடையை மூடியதிலிருந்து கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, கண்தான் ஊசியில் நூல் கோர்க்க மறுக்கிறது. மண்ணைக் கிளற அவ்வளவு கூர்மையான பார்வை வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பொதுத் தோட்டத்தின் செயலாளர் அம்மா விதிகளை ஒரே மூச்சில் சொன்னார். துண்டு யாருடையது என்று முதல் வருஷம் பலகையில் சாக்பீஸால்தான் எழுத வேண்டும். அக்டோபரில் விளைந்ததைப் பொது மேஜையில் வைக்க வேண்டும், மூன்று பேர் வந்து பார்ப்பார்கள். அவர்களுக்குத் திருப்தி என்றால் துண்டு நமக்கே, பலகையில் பெயின்டால் எழுதித் தருவார்கள். இல்லையென்றால் துண்டு அடுத்தவருக்கு. "பதினோரு பேர் லைன்ல நிக்கிறாங்கம்மா," என்றார்.

பிறகு கொட்டகையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். எல்லோருக்கும் பொதுவான விதை. "எடுத்தா, அறுவடைக்கு அப்புறம் திரும்பப் போடணும். ரெண்டு வருஷமா எடுக்கறதோட சரி, போட ஆளில்ல." பீன்ஸ் ஒரு பிடி, வெள்ளரி பத்து விதை எடுத்துக்கொண்டேன். தக்காளிக்கு நாற்று வாங்க வேண்டும்.

இங்கே பலகைகளில் எல்லாரும் தொழிலைத்தான் எழுதியிருக்கிறார்கள். நானும் 'டெய்லர்' என்று எழுதினேன். எழுத்து கோணல். ஆனாலும் நாலு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

மழை. பலகையில் எழுதியது அழிந்துவிட்டது. திரும்ப எழுதினேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்று சண்டை. பக்கத்துத் துண்டு, பதினெட்டாம் எண், ஓய்வுபெற்ற பஸ் டிரைவருடையது. தள்ளுவண்டியைப் பின்னால் இழுக்கும்போதுகூட இல்லாத கண்ணாடியைப் பார்ப்பவர்போல வலது பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் என் பாத்தியில் குனிந்து பீன்ஸ் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"நெருக்கமா இருக்குமா, காத்து போகாது."

"என் பாத்தில கை வைக்க உங்களுக்கு யார் சொன்னது?" என்று கத்திவிட்டேன். வாடிக்கையாளரிடம்கூட அப்படிப் பேசியதில்லை. அவர் கையிலிருந்த நாலு செடிகளை வரப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உண்மையில் நெருக்கமாகத்தான் இருந்தது. மீதியை அவர் போன பிறகு நானே பிடுங்கினேன்.

மே 25, ஞாயிறு

எல்லாம் ஏறத் தொடங்கிவிட்டன. கொம்பு நட்டாயிற்று, கட்ட எதுவும் இல்லை. அப்போதுதான் பரணில் கிடந்த பெட்டி ஞாபகம் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்து யூனிஃபார்முக்காக வாங்கிய சிவப்பு நூல், அறுபது கண்டு. வாங்கிய மாதமே அவர்கள் பச்சைக்கு மாறிவிட்டார்கள். பத்து வருஷமாக என்னை முறைத்துக்கொண்டிருந்த பெட்டி.

ஒற்றை இழை தண்டை அறுத்துவிடும். எட்டு இழை சேர்த்து முறுக்கிக் கட்டினேன். பீன்ஸ், வெள்ளரி, தக்காளி, ஒன்றையும் விடவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் என் துண்டு மட்டும் சிவப்புப் பொட்டு வைத்த மாதிரி இருக்கிறது. போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

வெள்ளரி விரல் நீளப் பிஞ்சு. பீன்ஸ் இப்போதுதான் பூ. பறிக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும்.

டிரைவரின் கொடியில் ஒரே ஒரு வெள்ளரிக்கு மட்டும் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருக்கிறது. என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்! வாய் திறந்து சொல்வாரா? மாட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

மகள் மாடிப்படியில் விழுந்து கால் உடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளைதான் போனில் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லையாம், கட்டு ஒரு மாதம். நாளைக் காலை கிளம்புகிறேன்.

தோட்டத்தை என்ன செய்வது? வேறு யாரையும் தெரியாது. வெட்கத்தை விட்டு டிரைவரிடமே போய் நின்றேன். "தண்ணி மட்டும் பாத்துக்கோங்க. காய் வந்தா நீங்களே பறிச்சுக்கோங்க, விட்டா முத்திடும்."

"தண்ணி ஊத்தறேன். ஆனா நூல் கட்டுனதை நான் தொட மாட்டேன்மா," என்றார்.

ஏப்ரல் கோபம் இன்னும் ஆறவில்லை பார். ஆண்பிள்ளைக்கு இவ்வளவு வைராக்கியமா? ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியிருந்தது, நானும் கெஞ்சவில்லை.

ஜூலை 10, வியாழன்

மகளுக்குக் கால்தான் கட்டுப்போட்டுக் கிடக்கிறது, வாய் நன்றாகவே ஓடுகிறது.

ஜூலை 24, வியாழன்

இன்று நேராகவே கேட்டுவிட்டாள். "இங்கயே இருந்துடும்மா. அங்க தனியா என்ன பண்ணப் போற? உனக்கும் வயசாகுது, நாளைக்கு எங்கயாவது விழுந்து வச்சா?"

விழுந்தவள் அவள். பயம் என்னைப் பற்றி!

மாப்பிள்ளை பின்பக்க அறையை ஒழித்தே வைத்திருக்கிறார். நல்ல அறை, வெளிச்சம் வருகிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள், அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருக்கிறது. "தோட்டம் இருக்கேம்மா," என்றேன். "அது நிச்சயமாயிடுச்சா?" என்றாள். அக்டோபரில் தெரியும் என்றேன். "சரி, அக்டோபர்ல பேசலாம்."

ஆக, பதினேழாம் எண் போனால் எனக்குச் சொல்லக் காரணமும் போய்விடும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

வெள்ளரி ஒண்ணொண்ணும் முழங்கை தண்டி, மஞ்சளா, தோல் தடிச்சு கெடக்கு. பீன்ஸ் பூரா முத்தி வெளுத்துப்போச்சு, கொடி காய்க்கறதையே நிறுத்திடுச்சு. தக்காளி வெடிச்சு பாதி கீழ. ஒரு காய், ஒரே ஒரு காய்கூட அந்த மனுஷன் பறிக்கல. தண்ணி மட்டும் சொட்டு குறையாம ஊத்தி வச்சிருக்கான். வேணும்னே பண்ணதுதானே? நாலு செடிக்காகவா? அக்டோபர்ல மேஜைல எதை வைக்க, என் தலையையா?

நாளைக்குப் போய்க் கேட்காமல் விடமாட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கேட்டேன். அவர் கோபப்படவில்லை, குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"நீங்கதானே நூல் கட்டி வச்சீங்க?"

"கொடி விழாம இருக்கக் கட்டினேன்!"

அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தோட்டத்தில் சிவப்பு நூல் கட்டினால் அது விதைக்கு விட்டது என்று அர்த்தமாம். ஆளுக்கு ஒரு காய், மிஞ்சிப்போனால் இரண்டு. அதை மற்றவர் தொடக்கூடாது. எந்தத் தாளிலும் எழுதியில்லை, எல்லாருக்கும் தெரியும். என்னைத் தவிர.

"ஒரு துண்டு முழுக்கக் கட்டிருக்காங்களே, டப்பா காலியா இருக்குன்னு கேட்டு மொத்தத்தையும் விதைக்கே விட்டுட்டாங்க போலன்னு நெனச்சேன். எவ்வளவு பெரிய மனசுன்னு வீட்டுலகூட சொன்னேன்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை. அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வலது பக்கம் இல்லாத கண்ணாடியைப் பார்த்தார். ஏப்ரலில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கு நானும் கேட்டுட்டுத்தான் கை வச்சிருக்கணும்," என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

புலம்பி என்ன ஆகப்போகிறது? டிரைவர் சொல்லிக்கொடுத்தபடி வெள்ளரியைக் கீறி, விதையை வழித்துத் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்தேன். வீடு முழுக்கப் புளித்த நாற்றம். நல்ல விதை அடியில் தங்குகிறது, பதர் மிதக்கிறது. கழுவிப் பழைய லைனிங் துணியில் காயப் போட்டிருக்கிறேன். பீன்ஸ் கொடியிலேயே காய்கிறது, ஆட்டினால் கலகலவென்கிறது.

செப்டம்பர் 13, சனி

விதை போட்டு வைக்கப் பை வேண்டும். மிஷினின் உறையை எடுத்தேன், எட்டு மாதம் கழித்து. கடைசி வரை கடையிலிருந்த யூனிஃபார்ம் வெட்டுத் துணி. ஊசியில் நூலைக் கோர்க்கக் கால் மணி நேரம் ஆனது. கோர்த்த பிறகு கண்ணே வேண்டியிருக்கவில்லை, கை தானாக ஓடியது. நாற்பத்திரண்டு பை. தையல் நேராகவே இருக்கிறது!

அக்டோபர் 4, சனி

நாளைக்கு மேஜை. இன்றே மகளுக்கு போன் செய்தேன். முடிவைக் கேட்டுவிட்டு அதைச் சாக்காக வைத்து ஒளிந்துகொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

"நான் வரலைம்மா. தோட்டம் கெடைச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி. எனக்கு இங்கதான் இருக்கணும்."

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வெள்ளரி விதைல எனக்கு ரெண்டு பை எடுத்து வை. பால்கனில போட்டுப் பாக்கறேன்," என்றாள். போனை வைத்ததும் இரண்டு பையைத் தனியாக எடுத்து வைத்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மற்றவர்கள் பூசணியும் முட்டைக்கோஸுமாக மேஜையை நிறைத்திருந்தார்கள். என் பங்கு நாற்பது துணிப்பை. பார்க்க வந்த மூவரில் ஒருவர் பையைத் தூக்கிப் பார்த்து, "காய் எங்கம்மா?" என்றார்.

நூல் கதையை முழுக்கச் சொன்னேன், மறைக்கவில்லை. சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டிரைவர் பின்னாலிருந்து, "தண்ணி ஊத்தினது நான், கேக்காம இருந்ததும் நான். அதையும் சேத்து எழுதிக்கோங்க," என்றார்.

செயலாளர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கொட்டகைக்குப் போய் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து திறந்தார். உள்ளே ஏழெட்டு வெங்காய விதை, ஒரு செத்த வண்டு. வண்டைத் தட்டிவிட்டு, என் பைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். மூடி சாத்த முடியவில்லை.

"முடிவைக் குளிர் முடிஞ்சு சொல்றோம்," என்றார். மற்ற புதியவர்களுக்கும் அதையேதான் சொன்னார்.

மார்ச் 15, ஞாயிறு

இரண்டு நாள் நல்ல மழை, இன்று காலைதான் விட்டது. தோட்டத்துக்குப் போகிற வழியில் எட்டாம் எண், பதினோராம் எண் வேலியில் என் துணிப்பைகள் காலியாகத் தொங்கின. டிரைவர் எனக்காக ஒரு கட்டு நீலச் சணல் வைத்திருந்தார். "கட்டறதுக்கு இது. சிவப்பு ஒண்ணே ஒண்ணு," என்றார். சரி என்றேன்.

வழக்கம்போலப் பலகைக்கு முன்னால் போய்க் குனிந்து, பையில் சாக்பீஸைத் துழாவினேன். கொஞ்ச நேரம் துழாவிய பிறகுதான் பலகையைப் பார்த்தேன். அத்தனை மழைக்கும் அழியாமல், பெயின்டில் 'டெய்லர்' என்று இருந்தது.