மரத்துக்குப் பாவாடை

நவம்பர் 24, ஞாயிறு

காலையில் குக்கரைப் பார்த்து, "இன்னும் எத்தனை விசில் பாக்கி வைத்திருக்கிறாய்?" என்று எங்கள் சௌராஷ்டிர பாஷையில் கேட்டேன். கே.கே. நகரில் இந்த வீட்டுக்குள் நம் பாஷையைக் கேட்க இப்போது அதுதான் மிச்சம். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. மகன் கோகுல் டப்ளினில்.

மதியம் கோகுல் போன் செய்தான். டிசம்பர் இருபது வருகிறார்களாம், கிறிஸ்துமஸுக்கு. தங்குவது கொட்டாம்பட்டியில், மருமகள் முத்துச்செல்வியின் அம்மா வீட்டில். அங்கேதான் கிறிஸ்துமஸ் கொண்டாடுவார்கள். "நம்ம வீட்டுக்கு?" என்றேன். "பாப்போம்மா" என்றான். பெற்றவளுக்குத் தெரியாதா இந்த "பாப்போம்"? அவள் வரமாட்டேன் என்றிருக்கிறாள்.

பேரன் மாறனுக்கு நாலு வயது. நான் இன்னும் தொட்டதில்லை.

நவம்பர் 25

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்?

நிச்சயம் பேச முத்துச்செல்வியை அழைத்துக்கொண்டு அவள் அம்மா முருகம்மாள் இங்கே வந்த அன்று, எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தேன். அவர்களுக்கு மட்டும் பேப்பர் கப். கடைக்கு ஆள் அனுப்பி வாங்கிவரச் செய்தேன். அதாவது யோசித்துச் செய்தேன். முருகம்மாள் குடித்துவிட்டுக் கப்பைக் கசக்காமல் கையிலேயே வைத்திருந்தார்கள், எங்கே போடுவது என்று தெரியாமல். முத்துச்செல்வி அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் இந்தப் படி ஏறவில்லை.

நவம்பர் 29

கோகுல் வீடியோ அனுப்பினான். மாறன் கிறிஸ்துமஸ் மரத்தடியில் உருண்டுகொண்டிருக்கிறான். அடியில் வட்டமாக மெத்மெத்தென்று ஒரு துணி. "அம்மாச்சி வீட்லயும் இது வேணும்" என்கிறான்.

அது ட்ரீ ஸ்கர்ட்டாம். மரத்துக்குப் பாவாடை! எனக்கே சிரிப்பு வந்தது.

தைக்கத் தெரியும் எனக்கு. மெஷினும் சும்மாதான் கிடக்கிறது.

நவம்பர் 30

அளவு வேண்டுமே. பத்து தடவை எடுத்து எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் முருகம்மாளுக்குப் போன் போட்டேன்.

"கோகுல் அம்மா பேசுறேன்." ஒரே மூச்சில் கேட்டும்விட்டேன், "மரம் வைக்கிற தொட்டி எவ்வளவு அகலம்?"

"தொட்டி என்னா தொட்டி? பெயிண்ட் வாளில மண்ண ரொப்பி சவுக்குக் கெளையத்தேன் ஊண்டுவோம். எதுக்குக் கேக்குறீக?"

"சுத்தி விரிக்க ஒரு துணி தைக்கிறேன்."

"வாளிக்கா? ரெண்டு சாண் இருக்கும்" என்று போனை வைத்துவிட்டார்கள்.

டிசம்பர் 3

பீரோவில் உடுத்தாத சுங்குடிச் சேலை இரண்டு, சிவப்பும் பச்சையும். எட்டுத் துண்டு வெட்டினேன், மேலே குறுகி கீழே விரிகிற மாதிரி. மெத்தென்றிருக்க, அடியில் வைத்துத் தைக்க அவருடைய பழைய வேட்டிகள். வெட்டும்போது கத்தரி நின்றுவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள், பேரனுக்குத்தானே.

சாயம் போடுமுன் துணியில் நூலால் கட்டிய முடிச்சுகளைப் பிரிக்கவில்லை. சுங்குடி பரிசாகக் கொடுத்தால் எங்கள் வீட்டில் முடிச்சோடுதான் கொடுப்போம். கையால் கட்டியது, புதுசு என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? இழுத்துப் பிரிப்பது அவர்கள் பாடு.

டிசம்பர் 9

எட்டும் சேர்ந்தாயிற்று. ஒரு பக்கம் மட்டும் திறப்பு, மரத்தைச் சுற்றிப் போட. சேலையையும் வேட்டியையும் சேர்த்து, விரல் நீளத்துக்கு ஒன்றாகத் தையல் வரிசை ஓட்டியிருக்கிறேன். கீழ்வீட்டு ஸ்வர்ணா வந்து, "யாருக்கு ஆன்ட்டி?" என்றாள். "பேரனுக்கு" என்றேன். சொல்ல எவ்வளவு நன்றாக இருந்தது.

டிசம்பர் 17

முட்டாள். முழு முட்டாள்.

மாறன் அதன்மேல் உருளுவானே, உடம்பில் குத்துமே என்று முடிச்சுகளை நானே பிரித்தேன். முடிச்சுப் போனதும் துணி விரிந்தது. அடியில் வேட்டி அப்படியே இருக்கிறது, மேலே சுங்குடி எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. ஊருக்கெல்லாம் சுங்குடி பற்றி வாய் கிழியப் பேசுகிறவள் நான்! இதுகூடவா தெரியாது?

டிசம்பர் 20

மூன்று நாளாகத் தையலைப் பிரித்து, சுங்குடியைத் திரும்ப வெட்டி, நாலு துண்டு முடித்தேன். நாலு பாக்கி. கண் எரிகிறது.

இந்நேரம் கொட்டாம்பட்டிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். யாரும் கூப்பிடவில்லை.

கூப்பிடாமல் போனால்தான் என்ன?

டிசம்பர் 21

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிட்டேன். தைக்காத துண்டுகளையும் ஊசி நூலையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன்.

முத்துச்செல்வி "வாங்க" என்றாள். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள். மாறன் அவள் சேலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். கோகுல் வெளியே போயிருந்தான்.

முருகம்மாள் அடுப்படியில் இருந்தார்கள். நின்றபடியே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் வராது என்று. "சம்பந்தி, அன்னைக்கு அந்தப் பேப்பர் கப்பு... தெரிஞ்சேதான் செஞ்சேன். தப்பு. பெரிய தப்பு."

அவர்கள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும். அம்புட்டு டம்ளர் அடுக்கி இருந்துச்சு. நாந்தேன் பாத்தேனே." பிறகு, "வீட்டுக்கு வந்து அழுதேன். மகளுக்குத் தெரியாது."

நானும் அழுதேன்.

"பையில என்னா? எடுங்க பாப்போம்."

உப்பிய துண்டுகளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். "இத ஒத்த ஆளா எப்ப முடிப்பீக? இங்கிட்டு ஒண்ணக் குடுங்க." நெல்லு மூட்டை தைத்த கை. ஒரு தையல் அரை விரல் நீளம்! வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு நூல் கோர்த்துக் கொடுத்தேன். முத்துச்செல்வி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 22

கே.கே. நகர். இருட்டுமுன் திரும்பிவிட்டேன் நேற்று. இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பாதித் துணி அங்கே முருகம்மாளிடம், பாதி இங்கே. வீடு அப்படியே இருக்கிறது. வெள்ளை நூல் ஒன்று சோபாவில் ஒட்டியிருந்தது, எடுத்துப் போட்டேன்.

டிசம்பர் 25

என் பாதியைக் காலையிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துத் தைத்தோம். நாலு துண்டில் பொடித் தையல், நாலில் மூட்டைத் தையல். வாளி மறைந்தது. மாறன் அதன்மேல் குப்புற விழுந்தான், ஒரு கையால் என் காலைப் பிடித்துக்கொண்டு. எதற்குப் பிடித்தான் என்று தெரியாது. நான் காலை அசைக்கவே இல்லை.

முத்துச்செல்வி என்னிடம் மூன்று வார்த்தை பேசினாள். எண்ணினேன்.

ஜனவரி 3

விமான நிலையத்துக்கு எல்லாரும் ஒரே காரில். போகிற வழியில் என்னை ஏற்றிக்கொள்ள நிறுத்தியபோது கோகுல் மட்டும் மேலே வந்து அவன் அப்பா படத்தைக் கும்பிட்டான். முத்துச்செல்வி காரிலேயே இருந்தாள். விமான நிலையத்தில் உள்ளே போகும்முன், "வாரேன் அத்தை" என்றாள். அத்தை என்றது இதுதான் முதல் தடவை. மாறன் திரும்பிப் பார்க்கவில்லை, பெட்டியின் சக்கரத்தில் கவனம்.

திரும்பும்போது நானும் முருகம்மாளும் மட்டும்தான். இரண்டு பேரும் அவரவர் ஜன்னல் பக்கம் அழுதோம். வாடகைக் கார் எங்கள் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனது. "வாங்க" என்றேன். கொஞ்சம் நின்று, படி ஏறினார்கள். சாப்பிட்டோம். மாறனைப் பற்றியே பேசினோம். மணி ஏழானதும் எழுந்து சேலையைச் சரிசெய்தார்கள்.

"போறேன் சம்பந்தி. பஸ்ஸப் புடிக்கணும்."

"கொட்டாம்பட்டிக்குக் கடைசி பஸ் போயிருச்சே" என்றேன்.

கொட்டாம்பட்டி வழியாகத் திருச்சி ரோட்டில் விடிய விடிய பஸ் ஓடுகிறது. எனக்கும் தெரியும், முப்பது வருடமாக அந்தப் பஸ்ஸில் போய்வருகிற அவர்களுக்கும் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தார்கள்.

"அப்படியா? அப்ப சரி" என்று பையைக் கீழே வைத்தார்கள்.