படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து

என் பிரியமுள்ள பிலோ அக்காவுக்கு,

கல்லறைத் திருநாளன்று உங்கள் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். இந்த வாயாடிக்கு என்ன ஆச்சு என்று நினைத்திருப்பீர்கள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள் அக்கா. இப்போதெல்லாம் ஆட்கள் இருந்தால் நான் பேசுவதில்லை. அது எனக்கே பிடிக்கவில்லை, அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நம் ஆய்வுதான் விஷயம். அஞ்செட்டி மலைப்பக்கத்துப் பெண் பிள்ளைகள் ஏன் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு ஓசூர் கம்பெனி ஹாஸ்டல்களுக்கு வந்துவிடுகிறார்கள் என்று நீங்களும் நானும் எழுதினோமே, அது. அரசாங்கக் கணக்கில் ஓடுகிற பஸ் மலையில் ஓடவில்லை என்று அந்த வீட்டுப் பெண்கள் சொன்னதை அப்படியே போட்டோம். நீங்கள் போன பிறகு யாரோ அதைச் சட்டசபையில் எடுத்துப் பேசிவிட்டார்கள். அவ்வளவுதான், பிடித்தது சனி.

முதலில் கல்லூரி இணையதளத்திலிருந்து நம் கட்டுரை காணாமல் போனது. அடுத்து, எந்தத் தலைப்பில் ஆய்வு செய்வதென்றாலும் மேலிடத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று சுற்றறிக்கை. இப்போது என் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒருவர் வந்து உட்கார்கிறார். நாற்பது வயதிருக்கும், மாணவர் இல்லை. யார் நீங்கள் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை, என்னையும் சேர்த்துத்தான். வேலையின்மை பாடம் வந்தால் பேனாவைத் திறக்கிறார். பிள்ளைகள் சந்தேகம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். பாடம் எடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

என் மூக்கண்டப்பள்ளி வீட்டுக்கும் இரண்டு பேர் வந்தார்கள். நான் எத்தனை மணிக்கு வருகிறேன், யார் யார் என்னைத் தேடி வருகிறார்கள் என்று கீழ்வீட்டம்மாவிடம் விசாரித்திருக்கிறார்கள். அவரோ கன்னடத்தைத் தவிர வேறெதுவும் தெரியாதவர் மாதிரி நின்று அனுப்பிவிட்டாராம். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷையிலும் சண்டை போடுகிறவர்! கேட்டு நன்றாகச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் போய்க் கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன்.

போன வாரம் பிரின்சிபால் கூப்பிட்டார். டீ வரவழைத்தார், அப்போதே எனக்கு உதறல். என் பெயரில் ஒரு வாக்குமூலம் தயாராக இருந்தது. பேட்டிகளை எடுத்தது நீங்கள் மட்டும்தான், அதில் பாதிக்கு மேல் உங்கள் கற்பனை, அது எனக்குத் தெரியாது, அதனால் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று. திங்கட்கிழமை விசாரணைக் குழுவின் முன்னால் நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போடாவிட்டால் சஸ்பெண்ட், அதற்கு மேலும் போகலாம் என்றார்.

“போனவங்களுக்கு இனிமே என்னம்மா ஆகப்போகுது? இருக்கிறவங்க நீங்க. உங்க பொண்ணு படிக்குது,” என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. உங்கள் அடக்கத்தன்று தேம்பித் தேம்பி அழுதவர்.

கற்பனையாம். நீங்களாம். பேட்டி எடுத்தது போதாதென்று, எழுதியதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் மலையேறி ஒவ்வொருத்தியிடமும் படித்துக் காட்டியவர் நீங்கள். தெலுங்கு பேசுகிறவளுக்குத் தெலுங்கில், கன்னடம் பேசுகிறவளுக்குக் கன்னடத்தில். நீ சொன்னது இதுதானா என்று கேட்டு, அவள் ஆமாம் என்றால்தான் அடுத்த வீடு. நான் இவ்வளவு கோபமாகவா சொன்னேன் என்று ஒருத்தி இழுக்க, அந்த ஒரே ஒரு வரியைத் திருத்த உட்கார்ந்து அடிவாரத்தில் வரும் கடைசி பஸ்ஸைக் கோட்டைவிட்டீர்கள். அன்றைக்கு உங்களை நான் திட்டிய திட்டு நாட்றாம்பாளையம் வரைக்கும் கேட்டிருக்கும்.

நேற்று அந்த வரியைத் திருத்தச் சொன்னவளைப் பார்க்கப் போனேன். பெயரை எழுதமாட்டேன், உங்களுக்குத் தெரியும். எனக்கு முன்னாலேயே ஒரு ஜீப் அங்கே போய் வந்திருந்தது. வாசலில் பேசாமல் மாட்டுக் கொட்டகைக்குள் கூட்டிப்போனாள்.

“அந்தம்மா படிச்சுக் காட்டுச்சு, நான் ஆமான்னேன். அது நெசந்தான்,” என்றாள். “ஆனா ஜீப்புல வந்தவங்ககிட்ட நான் யாரையும் பாக்கவே இல்லைன்னுட்டேன் கண்ணு. எம்மவ எந்த ஹாஸ்டல்ல இருக்கான்னு அவங்களே சொல்றாங்க. எம்பேர மட்டும் சொல்லிராத.”

சொல்லமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் பொய் எழுதவில்லை என்று சொல்லக்கூடிய ஒரு வாயையும் நானே அடைத்துவிட்டேன். அவளைக் காட்டிக்கொடுத்தால் உங்கள் பெயர் தப்பிக்கும், அவள் மகள் மாட்டிக்கொள்வாள். நான் செய்தது சரிதானே? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

பஸ் வரவில்லை என்றுதானே அக்கா எழுதினோம்? இதற்கே இப்படியென்றால், பெரிதாக எதையாவது எழுதுகிறவர்களை என்ன செய்வார்கள்? ஸ்டாஃப் ரூமில் இதைக் கேட்டேன். ஆளாளுக்கு டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அடுத்தது யார் என்று அவர்களுக்கும் தெரியாது.

திங்கட்கிழமை போகிறேன். அந்தத் தாளை நீட்டியதும் உங்கள் வழக்கப்படி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்துக் காட்டுவேன். படித்து முடித்து, நான் சொன்னது இது இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம், ஒரு பேட்டியும் கற்பனை இல்லை, யார் சொன்னார்கள் என்று சொல்லமாட்டேன். என் வாக்குமூலம் இவ்வளவுதான். இங்கே ஊரறிய எழுதிவிட்டேன், அங்கே போய்ப் பயத்தில் மாற்றிச் சொல்ல எனக்கு வழியில்லை.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு வேலையில் இருப்பேனா, வெளியில் இருப்பேனா, தெரியவில்லை. ஆனால் உங்கள் பெயரை விட்டுக்கொடுத்துவிட்டு, கையில் மெழுகுவர்த்தியோடு உங்கள் முன்னால் வந்து நிற்கமாட்டேன் அக்கா.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
வாயாடி சாந்தி