வல்லாரைத் தங்கமும் உன் கட்டைவிரலும்

ஆய்வகத்துக் குளிர்பெட்டியை இன்று காலி செய்யச் சொன்னார்கள். காலாவதியான பாட்டில்களுக்குப் பின்னால் உன் குப்பி கிடைத்தது. வல்லாரைச் சாறும் தங்க உப்பும் சேர்ந்து உண்டான அதே திராட்சை ரச நிறம். அடியில் மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கிறது. அதில் ஒட்டிய சீட்டில் உன் எழுத்து. வரி பாதியில் சறுக்கிக் கீழே இறங்குகிறது. அதை நீ எழுதிய அன்று நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தாம்பரத்தில் நாம் இருவரும் ஒரே வருடம் ஆய்வுக்குச் சேர்ந்தோம். படப்பையில் கீரைக்கார அம்மாவிடம் வல்லாரை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாய். இலையைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, வெளிர்மஞ்சள் தங்கக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுவாய். சர்ச்சில் கொடுக்கும் திராட்சை ரசம்போல நிறம் சிவந்ததும், "திருவிருந்து ரசம் ரெடி, பாஸ்டரைக் கூப்பிடு" என்பாய். கர்த்தருக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவள் நான்.

கண்ணுக்குத் தெரியாத அந்தத் தங்கத் துகள்கள் நரம்பு செல்களைக் காப்பாற்றுமா என்பதுதான் நம் கேள்வி. தட்டில் உள்ள சின்னக் குழிகளில் செல்களை வளர்த்து, துகள்களைக் கொடுத்து, பிறகு செல்லைக் கொல்லும் பெராக்சைடை விட்டு, எத்தனை பிழைக்கின்றன என்று பார்ப்போம். ஒவ்வொரு அளவையும் மூன்று குழிகளில் செய்ய வேண்டும்; மூன்றும் ஒத்துப்போனால்தான் நம்பலாம். உன் குழிகள் எப்போதும் ஒத்துப்போகும். அதில் எனக்குப் பொறாமைகூட உண்டு.

ஒரு மழைக்காலத்தில் அவை ஒத்துப்போகாமல் போயின. ஒரு குழியில் செல்கள் நன்றாக இருக்கும், பக்கத்துக் குழியில் செத்துக் கிடக்கும். எங்கள் ஆய்வுக் கட்டுரையைத் திருத்தி அனுப்ப நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மருந்து, தட்டு, கரன்ட் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுவிட்டு, கடைசியில் உன்னைச் சந்தேகப்பட்டேன். குறிப்பேட்டில் உன் அளவுகளுக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எதை எழுதினாலும் இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நம் வழக்கம். நோட்டை உன் பக்கம் தள்ளினேன். நீ போட்டுக் கொடுத்தாய். மறுநாளிலிருந்து, சொட்டு அளந்து விடும் பிப்பெட்டை நான் எடுத்துக்கொண்டேன், உன்னை இலை கழுவ அனுப்பினேன்.

அதற்கு முந்தைய நாட்களில் உன் பிப்பெட்டின் நுனி குழியின் விளிம்பில் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. மெல்லிய சத்தம், விட்டுவிட்டு வரும். ஏசியில் ஏதோ கழன்றிருக்கிறது என்று நினைத்தேன். ஏசியை மாற்றிப் பல மாதங்கள் ஆகின்றன. நான் தனியாக உட்கார்ந்திருந்தால் இன்னும் கேட்கிறது.

சில வாரங்கள் கழித்து, இரும்புலியூர் ஸ்டாப்பில் மழை. குடையின் பொத்தானை அழுத்த முடியாமல் என்னிடம் நீட்டினாய். உன் கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது.

"கை ரொம்ப நாளா பேஜார் பண்ணுதுப்பா. சொன்னா பெஞ்சை விட்டு எழுப்பிடுவீங்கன்னுதான் சொல்லல."

நீ சொல்லாமலேயே நான் உன்னை எழுப்பிவிட்டிருந்தேன். தசைகளை அசைக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய் என்று டாக்டர் சொன்னதை, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாய். நாளெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் நரம்பு செல் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்த நான், பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. இன்றும்.

உன் கடைசி மாதங்களில் வீட்டுக்கு வந்தபோது அம்மா உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் உள்ளே போனதும், "அந்த ரசத்துல ஒரு மூடி கொண்டாயேன்" என்றாய். தட்டில் இருக்கும் செல் வேறு, மனித உடம்பு வேறு என்று நான் ஆரம்பித்தேன்.

"தெரியும்பா. நானும் அதே பேப்பரைத்தானே படிச்சேன். சும்மா கேட்டேன்."

நீ சும்மா கேட்கவில்லை. கொடுக்காதது சரிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

போன வாரம் படப்பைக்குப் போயிருந்தேன். கீரைக்கார அம்மா, "அந்த அக்கா எங்க, ஆளையே காணோம்? அதுக்குன்னே வல்லாரை எடுத்து வச்சிகினு கீறேன்" என்றார். ஊருக்குப் போயிருக்கிறாய் என்று சொல்லிவிட்டு, இரண்டு கட்டு அதிகமாக வாங்கி வந்தேன்.

இப்போது என்னிடம் ஆய்வு பழகும் மாணவர்களில் யாருடைய குழிகள் ஒத்துப்போகாவிட்டாலும், தட்டைப் பார்ப்பதற்கு முன் அவர்கள் கையைப் பார்க்கிறேன். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று விசாரிக்கிறேன். மேடம் ஒரு மாதிரி என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும்.

குப்பியைக் கழுவித் தள்ள மனம் வரவில்லை. பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, நம் குறிப்பேட்டை எடுத்தேன். அதில் எதையும் கிழிக்கவோ அழிக்கவோ கூடாது. தவறென்றால், படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து, சாட்சி. 'கவனக்குறைவு' என்ற சொல்லின் மேல் கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தபோதுதான் கீழே இருந்த உன் பழைய கையெழுத்தைப் பார்த்தேன். முதல் எழுத்து மட்டும் ஒழுங்கு. மீதி, கோட்டை விட்டு நழுவிப் பக்கத்தின் ஓரம்வரை இழுத்துக்கொண்டு போகிறது. என் கண்ணெதிரே போட்டது. அன்று மை காயும்வரை நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.