கல்யாண அத்தியாயத்தில் அழுதவர்

ஆகஸ்ட் 11, செவ்வாய்
புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது. கழுத்தில் பிளாஸ்டர் போட்ட இடம் வலி. கட்டியிலிருந்து துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் திங்கட்கிழமை. அதுவரை லீவு போடு என்கிறார் இவர். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது?

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா ஒரு நாவல் கொண்டுவந்தாள். பத்திரிகைத் தொடர்கதை. வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணியது. "பயங்கர சோகம், கர்சீப் வெச்சுக்கோ" என்றவள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, இப்ப உனக்குப் போயி இத..." பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

12, புதன்
கத்தரிக்காய் முற்றல். கதாநாயகிக்கு இருமல். தொடர்கதையில் இருமினால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மாமியார் எட்டிப் பார்த்து, "கதைக்கா இப்பிடி அழுவாங்க?"

"கதைதான் அத்தை."

வசதி. கட்டிக்காக அழுதால் வீடே பயந்துவிடும். கதைக்காக எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். கதாநாயகி தோசை வார்த்ததற்குக்கூட அழுதேன்.

14, வெள்ளி
இவர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் போனார். சினிமாப் பக்கம் தவிர எதையும் படிக்காத மனுஷன்! சாயந்திரம் கண் சிவந்து வந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கதை ரொம்ப சோகம்பா. ட்ரெயின்ல படிச்சேன்."

ஓரம் மடித்திருந்த பக்கத்தைப் பார்த்தேன். கல்யாண அத்தியாயம். பாயசத்துக்காக சம்பந்திகள் சண்டை. பக்கத்திலேயே ஒரு ஜோக் வேறு. சோற்றில் நெய் கொஞ்சம் கூடுதலாக விட்டேன். பாவம், எவ்வளவு பயம் இந்த ஆளுக்கு.

16, ஞாயிறு
ஸ்டெல்லா அக்கா சர்ச்சிலிருந்து நேரே வந்தாள். "உனக்காக ஜெபம் பண்ணேன். கதை முடிச்சிட்டியா?" கடைசி அத்தியாயம் பாக்கி என்றேன். "அத மட்டும் நாளைக்கு ரிசல்ட் பாத்துட்டு வந்து படி." சரி என்றேன். எனக்கும் பயம்தான்.

17, திங்கள்
டாக்டர் பேப்பரைப் பார்த்து, "பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லம்மா, சாதாரணக் கட்டிதான்" என்றார். இவர், "சார், இன்னொரு தடவ சொல்லுங்க." அவரும் சொன்னார். ஆண்டவா!

திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் இடம். கடைசி அத்தியாயம் படித்தேன். செத்துப்போனாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. சரியான பசி. தாம்பரத்தில் இறங்கியதும் ஹோட்டலுக்குத்தான் போனோம். இவர் இரண்டு பூரி செட் சொன்னார். நான் மூன்று என்றேன்.